பெயரைத் திருடியவனுக்குத் தண்டனை; பெயரைத் தொலைத்தவனுக்கு?

திருகோணமலை என்று எழுதுவோர் உளர். ஒற்று இட்டுத் திருக்கோணமலை என்று எழுதுவோரும் உளர். சிங்களத்தில் அவ்வூர் திரிகுணாமலய. ஆங்கிலேயரின் நாவில் அது டிரிங்கோமலி ஆயிற்று; அவசரக்காரருக்கு டிரிங்கோ. ஒரு துறைமுகத்துக்கு இத்தனை பெயர்கள் இருந்தும் அதன்மீது எவரும் ஆள்மாறாட்ட வழக்குத் தொடுத்ததில்லை. ஆனால், அதே துறைமுகத்தின் கரையில் பிறந்த தமிழன் ஒருவனின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறுவிதமாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவது விதமாகவும் இருந்தால் அவன் சந்தேகத்துக்கு உரியவன். அவன் செய்த பிழை யாது? தமிழில் வைக்கப்பட்ட பெயரை ழகரமே இல்லாத சிங்கள எழுத்தில் ஓர் உத்தியோகத்தர் எழுதினார். அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றினார். தந்தையின் பெயரை மூன்றாமவர் குடும்பப் பெயராக்கினார். மூவரும் அரசாங்கச் சம்பளம் பெற்றவர்கள். சத்தியக் கடதாசிக்குப் பணம் கட்டுபவன் மட்டும் பெயருக்கு உரியவன்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் இருந்தபோது பல புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. அவற்றுள் ஒன்று, இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றியது. இன்னொன்று, இந்தியாவில் மக்கள்தொகை அளவில் செயற்படுத்திய டிஜிட்டல் தீர்வுகளை இலங்கையோடு பகிர்ந்துகொள்வது பற்றியது. முதலாவதைப் பற்றி நம் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சீனக்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் யாருக்கு என்பது நமக்குப் பழகிய விவாதம். இரண்டாவது உடன்படிக்கை உள்பக்கத்தில் சில வரிகளோடு முடிந்துபோனது. தாங்கிகளில் இருப்பது எண்ணெய். இரண்டாவது தாளில் இருப்பது நம் விரல், நம் விழி, நம் முகம், நம் பெயர். எதைப் பற்றி நாம் அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டும்?

தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் அன்று முளைத்ததன்று. 2022 மார்ச்சில் இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கொழும்பு வந்தபோது இதற்கான நன்கொடை உடன்படிக்கை கைச்சாத்தானது. 2023 ஆகஸ்டில் இந்திய ரூபாயில் 45 கோடி முற்பணமாகக் கையளிக்கப்பட்டது. நாட்டு மக்கள் அனைவரின் உயிரளவைத் தரவுகளையும் (கைரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றை) ஒரே களஞ்சியத்தில் சேர்ப்பது நோக்கம். களஞ்சியம் கட்டுவதற்கு முன் அதற்கு ஒரு பூட்டு வேண்டும். பூட்டை உடைத்தவனுக்கு ஒரு தண்டனை வேண்டும். சாவியை வைத்திருப்பவனே களவாடினால் அவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டும். இம்மூன்றில் நம் சட்டப் புத்தகத்தில் எது இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம்.

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 399ஆம் பிரிவு ஆள்மாறாட்டத்தால் வஞ்சித்தல் எது என்று வரையறுக்கிறது. மெக்காலேயின் இந்தியச் சட்டக்கோவையின் வழிவந்தது இது. இன்னொருவனாகத் தன்னைக் காட்டி ஒருவனை ஏமாற்றுவது குற்றம். காட்டப்பட்ட ஆள் உண்மையில் இருக்கிறானா, கற்பனையா என்பது பொருட்டன்று. கடைசி வாக்கியத்தை ஊன்றிப் பாருங்கள். பெயருக்கு உரியவன் உயிரோடு இருக்கிறானா என்பதே சட்டத்துக்கு ஒரு பொருட்டில்லை! ஏமாந்த வட்டிக்கடைக்காரன் பாதிக்கப்பட்டவன். எவனுடைய பெயரில் கடன் எழுதப்பட்டதோ அவன் யாருமில்லை. 1883இல் அது போதுமாக இருந்திருக்கலாம். ஊரில் எல்லோரும் எல்லோரையும் முகம் பார்த்து அறிந்த காலம் அது.

அதன் பின் வந்தவை? 2006இன் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டம் கடன் அட்டையைக் காக்கிறது. அட்டையில் பெயர் பொறிக்கப்பட்ட மனிதனை அன்று. 2007இன் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தண்டிக்கிறது. அடையாளத் திருட்டு என்று ஒரு குற்றத்தை அது பெயரிட்டுச் சொல்லவில்லை. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எதிர்ப்புகளுக்கு இடையே நிறைவேற்றப்பட்டது. அது 1883இன் ஆள்மாறாட்ட மோசடிக்கு நிகழ்நிலைக் கணக்கு என்னும் புதிய சட்டையை அணிவித்ததே தவிர, உள்ளே இருப்பது அதே பழைய உடம்பு. 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சற்று மேலானது. உயிரளவைத் தரவுகளை அது சிறப்பு வகையாகக் கருதுகிறது. ஆயினும், அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று முதலில் குறிக்கப்பட்ட நாள் தள்ளிவைக்கப்பட்டது. மேலும், மீறுவோருக்கு அது விதிப்பது நிர்வாகத் தண்டப்பணம். ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபாய் உச்சம். களஞ்சியத்தைக் காக்கத் தவறியது ஓர் அரசாங்கத் திணைக்களமானால், தண்டப்பணம் ஒரு சட்டைப்பையிலிருந்து மறு சட்டைப்பைக்குப் போகும். பறிகொடுத்தவன் வரியையும் கட்டிவிட்டு வேடிக்கை பார்க்கலாம்.

உலகில் பிற நாடுகள் இந்த முடிச்சை எவ்வாறு அவிழ்த்தன என்பதையும் பார்ப்போம். ஐக்கிய அமெரிக்காவில் 1998 வரை கடன் கொடுத்து ஏமாந்த வங்கியே பாதிக்கப்பட்ட தரப்பாகக் கருதப்பட்டது. அவ்வாண்டு நிறைவேறிய அடையாளத் திருட்டுத் தடுப்புச் சட்டம், பெயருக்கு உரியவரையும் பாதிக்கப்பட்டவர் என ஏற்றது. தென் அவுஸ்திரேலியா 2003இல் சட்டம் இயற்றியது. தண்டனையோடு நில்லாமல், அடையாளம் திருடப்பட்டவருக்கு நீதிமன்றம் ஒரு சான்றிதழ் வழங்கலாம் என்றது. ‘இந்தக் கடனை வாங்கியவர் இவரல்லர்’ என்று நீதிமன்றமே எழுதிக்கொடுக்கும் தாள் அது. தண்டனையைவிட அந்தத் தாளே பெரிது என்பதை அலைந்தவர்கள் அறிவர். கனடாவில் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பணம் பறிபோகும்வரை காத்திராமல், பிறருடைய அடையாளத் தகவலைத் தீய நோக்கத்தோடு சேர்த்து வைப்பதையும் கைமாற்றுவதையும் குற்றமாக்கியது. இந்தியா 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அடையாளத் திருட்டு என்பதைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. மூன்றாண்டு வரை சிறை.

அதே இந்தியா இன்னொன்றும் செய்தது. 2016இன் ஆதார் சட்டத்தில் 47ஆம் பிரிவு என்று ஒன்று வைத்தது. ஆதார் தொடர்பான குற்றங்களில், ஆணையம் முறையிட்டால் அன்றி நீதிமன்றம் வழக்கை ஏற்கலாகாது என்பது அதன் சாரம். கைரேகை என்னுடையது, களவு போனது என்னுடையது, ஆனால் வழக்குப் போடும் உரிமை களஞ்சியக் காவலனுக்கு மட்டும். காவலனே உறங்கியிருந்தால் அவன் தன்மீது தானே முறையிட வேண்டும்! 2018 செப்டெம்பர் 26இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்பளித்தபோது இதைச் சுட்டிக்காட்டியது. 2019இல் தனிமனிதரும் முறையிடலாம் என்று திருத்தப்பட்டது. தொழில்நுட்பத்தை இறக்குமதி செய்யும் கொழும்பு, அந்தத் தொழில்நுட்பத்தோடு இந்திய மக்கள் நடத்திய வழக்குகளின் பாடத்தையும் இறக்குமதி செய்யுமா? நன்கொடைப் பொதியில் அது இல்லை. இந்தியாவில் 2017இல் தனிமையுரிமை அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதியரசர்கள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்திலோ தனிமையுரிமை வெளிப்படையாகப் பொறிக்கப்படவேயில்லை. அவர்கள் அணையோடு கட்டிய குளத்தை நாம் அணையின்றி வெட்டப் பார்க்கிறோம்.

இனித் திருகோணமலைக்கு வருவோம். அடையாளக் குற்றம் என்ற சொல்லைக் கொழும்பிலோ லண்டனிலோ கேட்பவர், யாரோ ஒருவன் தம் வங்கிக் கணக்கைத் திருடியதாக நினைப்பார். கிண்ணியாவிலும் மூதூரிலும் சம்பூரிலும் உப்புவெளியிலும் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அங்கே அடையாளமே குற்றமாக இருந்த காலம் ஒன்று இருந்தது.

1968இன் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1972 முதல் தேசிய அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணை நம்மில் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வர். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று பிறந்த நாள், பெண்ணாயின் 500 கூட்டப்படும். இறுதியில் வாக்குரிமை உள்ளவருக்கு வீ, இல்லாதவருக்கு எக்ஸ். 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரை நினைத்துக்கொண்டு அந்த ஒற்றை எழுத்தை மீண்டும் படியுங்கள். 2014 வரை சிங்களவரின் அட்டை சிங்களத்தில் மட்டும். தமிழரின் அட்டையில் இரு மொழிகளும் இருந்தன. உரிமையாக வரவேண்டிய தமிழெழுத்து, சோதனைச் சாவடியில் ஒருவரைத் தனியே நிறுத்துவதற்குரிய அடையாளமாகப் பயன்பட்டது. பேருந்திலிருந்து இறக்கப்பட்டவர்கள் போலி அட்டை வைத்திருந்தவர்கள் அல்லர். உண்மையான அட்டை வைத்திருந்ததாலேயே இறக்கப்பட்டவர்கள்.

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையை நினைவூட்டுகிறேன். கொழும்பின் தங்குவிடுதிகளில் இருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டனர். தலைநகரில் தங்கத் தகுந்த காரணம் காட்டவில்லை என்று சொல்லப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றம் அச்செயலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். நல்லது. ஆனால், பிறந்த இடத்தையும் மொழியையும் வைத்து மனிதரைப் பிரித்தெடுத்த அச்செயலுக்குச் சட்டத்தில் என்ன பெயர்? அன்று விடுதி விடுதியாக அலைய வேண்டியிருந்தது. எல்லோரின் விவரமும் ஒரே களஞ்சியத்தில் இருந்தால் அந்தப் பட்டியலைத் தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகும்? விடிவதற்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

அடையாளம் திருடப்படுவது ஒன்று, தொலைக்கப்படுவது இன்னொன்று. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோர வீடுகளோடு தாள்களையும் கொண்டுசென்றது. 2006இல் சம்பூரும் மூதூர் கிழக்கும் போரில் சிக்கின. மக்கள் வெருகலைத் தாண்டி வாகரைக்கு ஓடினர். அங்கிருந்தும் பெயர்ந்து மட்டக்களப்பு முகாம்களிலும் பின்னர் கிளிவெட்டி முகாமிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தனர். 2007 மே மாதம் அவர்களுடைய நிலம் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பின்னர் அங்கே அனல்மின் நிலையம் வரும் என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. 2015, 2016இல்தான் மக்கள் கட்டம் கட்டமாகத் திரும்பினர். திரும்பியவர்களிடம் கேட்கப்பட்டது: உறுதி எங்கே? பிறப்புப் பதிவு எங்கே? நீ இவ்வூரான் என்பதற்குச் சாட்சி யார்? துரத்தியவனுக்கு அத்தாட்சி தேவைப்படவில்லை, திரும்பியவனுக்குத் தேவைப்பட்டது. இப்போது அதே சம்பூரில் இந்திய உதவியோடு சூரிய மின் நிலையம் அமைக்கும் பணியும், அந்த 2025 ஏப்ரல் 5ஆம் திகதியே மெய்நிகராகத் தொடங்கிவைக்கப்பட்டது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களின் நிலை இதனினும் கொடிது. கணவன் உயிரோடு இருப்பதாகவும் காட்ட முடியாது; இறந்ததாக எழுதவும் மனம் வராது. 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம் மரணப் பதிவுக்கு மட்டுமே வழி காட்டியது. காணப்படாமைச் சான்றிதழ் என்ற ஒன்று 2016இன் திருத்தத்தால்தான் வந்தது. ஒரு மனிதனின் அடையாளத்தை இல்லாமல் ஆக்கியது ஒரு குற்றமெனில், அந்தக் குற்றத்தின் விளைவை விண்ணப்பப் படிவமாக நிரப்ப வேண்டியவள் அவன் மனைவி. இதைவிட விளக்கமாக அடையாளக் குற்றத்தை எந்தச் சட்டப் பேராசிரியர் வரையறுக்க முடியும்?

சரி, புதிய இயந்திரம் இக்குறைகளைத் தீர்க்காதா என்று கேட்பவர் உண்டு. தாள் தொலையும், விரல் தொலையாது அன்றோ? நியாயமான கேள்வி. ஏட்டில் எழுதிய பதிவு தீயில் போனாலும், களஞ்சியத்தில் உள்ள பதிவு மீளும். முகாமில் தாளில்லாமல் நின்ற தாய்க்கு அது உதவியிருக்கும். அதனால்தான் நான் இத்திட்டத்தை முற்றாக வேண்டாம் என்று சொல்பவன் அல்லன். ஆனால் அந்த இயந்திரம் எங்கே பிறந்தது, யாரை வைத்துப் பழகியது என்று அறியாமல் விரலை நீட்டுவது மடமை.

கைரேகை அறிவியலின் பிறப்பிடங்களுள் ஒன்று காலனித்துவ வங்காளம். 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவைப் பத்திரத்தில் வாங்கினார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் அமைந்தது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு இந்தியர்கள் பெரும்பங்கு ஆற்றினர். முறைக்கு வாய்த்த பெயரோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியுடையது. 1901இல் அது லண்டன் ஸ்கொட்லாண்ட் யார்டுக்குச் சென்றது. கண்டுபிடித்தவரின் பெயரே இவ்வாறு ஆள்மாறாட்டம் செய்யப்பட்ட துறை, நம் அடையாளத்தைக் காக்க வருகிறது! ஆளப்பட்டவர்மீது முதலில் பழகுவது, பின்னர் ஆண்டவர் நாட்டுக்கு எடுத்துச் செல்வது என்ற வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இன்று அதற்குப் பெயர் தொழில்துறை ஆய்வின் உலகமயமாக்கல். 2010இல் ஆதாருக்கான உயிரளவை ஒப்பீட்டு ஒப்பந்தங்களைப் பெற்ற கூட்டுகளில் அமெரிக்காவின் எல்-1, பிரான்சின் மோர்ஃபோ, அக்சென்ச்சர் ஆகியவை இருந்தன. மறு ஆண்டே எல்-1 நிறுவனத்தை மோர்ஃபோவின் தாய் நிறுவனமான சஃப்ரான் வாங்கியது. நூறு கோடிப் பேரில் ஒருவன் இருமுறை பதிந்தானா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை ஆய்வுகூடத்தில் மட்டும் வைத்துத் தேற்ற முடியாது. அதற்கு நூறு கோடிப் பேர் வேண்டும். ஆய்வுகூடம் பாரிசில் இருக்கலாம். ஆய்வுக்கு உட்பட்டவர்கள் ஜார்க்கண்டில் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்றவர்கள்.

இலங்கைத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது மொசிப் எனப்படும் திறந்த மூல அடையாளத் தளம். பெங்களூரின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் 2018இல் தொடங்கியது. கேட்ஸ் அறக்கட்டளை, டாடா அறக்கட்டளைகள், ஒமிட்யார் ஆகியவற்றின் பணத்தில் வளர்ந்தது. பிலிப்பைன்ஸ், மொரோக்கோ, எதியோப்பியா முதலிய நாடுகள் எடுத்துக்கொண்டன. மூல நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம் என்பது மெய், அது போற்றத்தக்கது. ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று உண்டு. ‘இந்த விரல் இந்த ஆளுடையதுதானா?’ என்று தீர்ப்புச் சொல்லும் ஒப்பீட்டு இயந்திரம் அந்தத் திறந்த நிரலுக்குள் இல்லை. அதை வணிக நிறுவனங்களிடமிருந்து தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். கோபுரத்தைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். கருவறை நிறுவனத்தின் வணிக இரகசியம். நீ நீதான் என்பதை மறுக்கும் அதிகாரம் அந்தக் கருவறைக்குள் இருக்கிறது.

திருகோணமலை மாவட்டத்தாருக்கு இக்கதை புதிதன்று. புல்மோட்டையின் கனிய மணலை எடுக்க 1957இல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்க்கோனும் நிறைந்த அக்கரை மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியது. அதிலிருந்து தைத்தானியம் ஒட்சைட்டு பிரித்து, வெள்ளைச் சாயமாக்கி, பெயின்ற் வாளியில் அடைக்கும் ஆய்வும் இலாபமும் வேறு நாடுகளில் நிகழ்ந்தன. நம் மணலை நாமே வாளியில் விலை கொடுத்து வாங்குகிறோம். மணலில் நிகழ்ந்தது விரலிலும் நிகழப் போகிறது. மூலப்பொருள் நமது, அறிவு அவர்களது, விலை நமது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. மணலைக் கொடுத்தவன் மறுபடி அதே மணலாக அடையாளம் காணப்பட வேண்டியதில்லை.

அந்த இயந்திரம் பழகிய விரல்கள் யாருடையவை என்பதும் கேட்கத்தக்கது. குச்சவெளியில் கரைவலை இழுப்பவனின் விரலையும், தம்பலகாமத்து வயலில் நாற்று நட்டவளின் விரலையும், கல் உடைப்பவனின் விரலையும், சீமெந்து மூடை சுமப்பவனின் விரலையும் எண்ணிப் பாருங்கள். உழைப்பு ரேகையைத் தேய்க்கிறது. இந்தியாவில் முதியோரும் கூலித் தொழிலாளரும் ரேகை பொருந்தாமல் பங்கீட்டுக் கடைகளிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது பலமுறை பதிவானது. மேசையில் இருந்து எழுதுபவனை அந்த இயந்திரம் எளிதில் அறியும். வெயிலில் நின்று உழைப்பவனை அறியாது. யார் நாட்டுக்கு அதிகம் உழைத்தாரோ அவரே தாம் தாமல்லர் என்று ஆவார். இதற்கு அறிவியலில் பிழை வீதம் என்று பெயர். பசியோடு திரும்பியவருக்கு அது வேறு பெயர்.

திருட்டுக்கும் இடமில்லை என்று நினைக்க வேண்டா. 2002இலேயே யோக்கோகாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மட்சுமோட்டோ ஜெலற்றின் கொண்டு செய்த செயற்கை விரலால் கைரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் கைரேகைகள் களவுபோயின. கடவுச்சொல் போனால் மாற்றலாம், விரல் போனால்? நம் வீட்டுச் சங்கதியும் உண்டு. 2023இல் இலங்கை அரச மேகக் கணினி கப்பம் கோரும் நச்சு நிரலுக்கு இரையாகி, அரச அலுவலகங்களின் பல மாத மின்னஞ்சல்கள் மீட்க முடியாதபடி அழிந்தன. மின்னஞ்சலைக் காக்க முடியாதவர்கள் விழியைக் காப்பதாக வாக்களிக்கிறார்கள்.

மறைக்க ஒன்றும் இல்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும் என்பர் சிலர். 2007 யூன் 7இல் அந்த 376 பேரிடமும் மறைக்க ஒன்றும் இல்லை. இந்தியாவுக்கு நாட்டை விற்கிறார்கள் என்று தெற்கில் குரல் எழுப்புவோர் வேறு சிலர். அவர்களிடம் கேட்கிறேன்: கொழும்பின் சொந்தக் கணக்கேடுகளை வைத்து நம்மை இறக்கி நிறுத்தியபோது உங்கள் இறைமை எங்கே உறங்கிக் கிடந்தது? இந்தியாவிலிருந்து வருவது எதுவானாலும் நமக்கு நன்மை என்று கண்ணை மூடிக்கொள்ளும் நம்மவர்களும் உண்டு. மூன்று தரப்புக்கும் சொல்வது ஒன்றே: களஞ்சியம் தில்லியினதா கொழும்பினதா என்பது இரண்டாவது கேள்வி. அதில் அடைபட்டவனுக்குச் சட்டம் என்ன கொடுக்கிறது என்பதே முதற்கேள்வி.

புலம்பெயர்ந்த வாசகர்களுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தலைமாற்றிய கடவுச்சீட்டில் கடல் கடந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! இன்னொருவனின் பெயரில் விமானம் ஏறி, இறங்கியவுடன் சொந்தப் பெயரைச் சொல்லி அடைக்கலம் கேட்டவர்கள். பெயரைக் கடன் வாங்கியது உயிரைக் காக்க. எவருடைய பணத்தையும் பறிக்க அன்று. 1951இன் அகதிகள் சாசனம் 31ஆம் உறுப்புரையில், உயிருக்கு அஞ்சி வந்தவரைச் சட்டவிரோதமாக நுழைந்ததற்காகத் தண்டிக்கலாகாது என்றது. பிரித்தானிய நீதிமன்றம் 1999இல் அடிமி வழக்கில் அதை வலியுறுத்தியது; அவ்வாண்டின் குடிவரவுச் சட்டம் போலி ஆவணத்தோடு வந்த அகதிக்கு ஓர் எதிர்வாதத்தை வழங்கியது. எனவே, அடையாளக் குற்றத்தை வரையறுக்கும் எந்தச் சட்டமும் கள்வனையும் தப்பி ஓடியவனையும் ஒரே கூண்டில் ஏற்றக்கூடாது. பிறருக்குத் தீங்கு செய்யும் நோக்கம் என்பது வரையறையின் முதுகெலும்பாக இருக்க வேண்டும். அவசரத்தில் எழுதப்படும் சட்டங்களில் முதலில் உடைவது இந்த முதுகெலும்பு.

அப்படியாயின் சட்டம் எதைச் சொல்ல வேண்டும்? என் கோரிக்கைகள் ஆறு.

ஒன்று: அடையாளக் குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் அடையாளத்துக்கு உரியவரே என்று சட்டம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். முறையிடும் உரிமை அவருடையது. எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் அதற்குத் தேவையில்லை.

இரண்டு: தீங்கிழைக்கும் நோக்கத்தோடு பிறர் அடையாளத் தகவலைச் சேர்ப்பதும், விற்பதும், அவருடைய குரலையும் முகத்தையும் இயந்திரத்தால் போலி செய்வதும், பணம் இழக்கப்படுவதற்கு முன்பே குற்றமாக வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடுபவர் இதற்கு விலக்கு.

மூன்று: காவலனின் குற்றம். களஞ்சியத்தை வைத்திருப்பவர் அரசாயினும் ஒப்பந்த நிறுவனமாயினும், அசட்டையால் தரவு வெளியேறினால் பொறுப்பானவர் தனிப்பட்ட முறையில் பதில் சொல்ல வேண்டும். இனத்தையோ மொழியையோ பிறந்த ஊரையோ வைத்து ஆட்களைப் பிரித்தெடுக்கக் களஞ்சியத்தைப் பயன்படுத்துவது, எந்த அவசரகாலத்திலும் மன்னிக்கப்படாத குற்றமாக வேண்டும்.

நான்கு: மறுத்தலும் குற்றமே. விரல் பொருந்தவில்லை, பெயரின் எழுத்துப் பொருந்தவில்லை என்பதற்காக எவருக்கும் நிவாரணமோ, ஓய்வூதியமோ, மருத்துவமோ, காணி உரிமையோ நிறுத்தப்படலாகாது. அவர் அவரல்லர் என்று நிரூபிக்கும் பாரம் அரசின் தோளில் இருக்கட்டும்.

ஐந்து: மீட்புச் சான்றிதழ். தென் அவுஸ்திரேலியாவைப் போல, பெயர் கெட்டவருக்கு நீதிமன்றம் பெயரை மீட்டுத் தர வேண்டும். அதில் தமிழ்ப் பெயர் தமிழெழுத்தில், உரியவர் எழுதும் விதமாக, மூலப் பதிவாக இருக்க வேண்டும். பெயர்ப்புகள் அதைப் பின்பற்றட்டும். அது பெயர்ப்புகளைப் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆறு: ஆய்வுக்கு எல்லை. நம் உயிரளவைத் தரவைக் கொண்டு எந்த நிறுவனமும், உள்நாட்டதோ வெளிநாட்டதோ, தன் மென்பொருளைப் பழக்குவதற்கு நம் சம்மதம் வேண்டும். ஒப்பீட்டு இயந்திரத்தின் பிழை வீதத்தை மாவட்டம் மாவட்டமாக, தொழில் தொழிலாகச் சோதித்து, பதிவு தொடங்கும் முன்னரே மும்மொழியிலும் வெளியிட வேண்டும். அச்சோதனையில் யாழ்ப்பாண, பேராதனை, கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் இடம் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் திருகோணமலையிலேயே வளாகம் உண்டு. பிணக்கு எழுந்தால் அதைத் தீர்ப்பது இலங்கை நீதிமன்றம். பிற நாட்டு நடுவர் சபை அன்று.

இவை எழுதப்படாமல் முதல் விரல் பதியப்படுமானால், நாடாளுமன்றத்தில் இருக்கும் வடக்கு, கிழக்கு, மலையக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி அதை எதிர்க்க வேண்டும். எண்ணெய்த் தாங்கிக்காகக் கேள்வி எழுப்பியவர்கள் விரலுக்காகவும் ஒரு கேள்வி எழுப்பட்டும். உலகெங்கும் சிதறியுள்ள வாசகர்களுள் வழக்குரைஞர்கள் உள்ளீர்கள். கணினித் துறையில் இதே இயந்திரங்களை உருவாக்குபவர்களும் உள்ளீர்கள். சட்டமூல வரைபு வெளிவரும்போது, முகநூலில் கோபப்படுவதை விடுத்து, பிரிவு பிரிவாகப் படித்துத் திருத்தம் எழுதி அனுப்புங்கள். இங்குள்ளவர்களுக்கு அந்த மொழியில் எழுத ஆட்கள் போதாது.

1883இன் சட்டம் நம் பெயர் உண்மையா கற்பனையா என்பது பொருட்டில்லை என்றது. அதன் பின் வந்த ஆட்சிகள் அந்த வாக்கியத்தை நம்மீது நடத்தியும் காட்டின. அடுத்து வரும் சட்டம் அதைத் திருத்தாவிடில், இதுவரை சாவடிச் சிப்பாய் ஒருவன் ‘நீ யார்?’ என்று கேட்ட இடத்தில் இனி ஓர் இயந்திரம் கேட்கும். சிப்பாயிடம் ஒரு சொல் பேசிப் பார்க்கலாம். சிலவேளை அவனும் ஒரு தாயின் பிள்ளையாக இருந்தான். இயந்திரத்திடம் பேசுவதற்கு மொழி இல்லை. சட்டம் ஒன்றுதான் அங்கே நமக்காகப் பேச முடியும். அதற்கு முதலில் அச்சட்டம் எழுதப்பட வேண்டும்.